முன் சீட்டில் மாவு

கரும்பு டிராக்டர் ஓட்டிய அய்யாக்கண்ணு எதையும் வெளியே கொடுத்து ரிப்பேர் பார்த்த ஆளில்லை. திருக்கோவிலூரில் மைத்துனன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. "அந்த அடுப்புல ஏறி எந்தம்பி வூட்டுக்கு வரமாட்டேன்" என்று மனைவி தைலம்மாள் சொல்லிவிட்டாள். அடுப்பு என்றது ஏசி ஓடாத அவருடைய பழைய காரை.

ஏசியை அவரே பிரித்தார். பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை. புது கேஸுக்குத் தோதாக ஆயிலையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினார். குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கப் பம்பு வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றிப் பம்பாக்கினார். கேஸ் ஏற்றியதும் காருக்குள் சில்லென்று காற்று வந்தது.

"ஏறு தைலம், கரியாலூர் மலை மாதிரி குளுகுளுன்னு இருக்குது."

தைலம்மாள் இட்லி மாவுக் குண்டானோடு வந்தாள். "ஃபிரிட்ஜத்தான் பிரிச்சுப் போட்டுட்டீங்களே, மாவு இன்னா வெயில்ல பொங்கணுமா? தம்பி வூட்டு ஃபிரிட்ஜில வெக்கலாம்."

குண்டானை முன் சீட்டில், காற்று வருமிடத்துக்கு நேராக வைத்து பெல்ட் போட்டாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் காற்று வரவில்லை.

திருக்கோவிலூரில் வியர்த்து வழிய இறங்கிய அக்காளைப் பார்த்துத் தம்பி கேட்டான்: "ஏசி வேல செய்யலியா மாமா?"

"செய்யுது. குண்டானத் தொட்டுப் பாரு" என்றார் அய்யாக்கண்ணு.