திறக்க மறுத்த கணினி

இன்று காலை கணினியைப் போட்டேன். கம்பனியின் பெயர் திரையில் வந்தது, அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே கதைதான்.

எங்கள் கற்பிட்டிக் கடற்கரையின் உப்புக் காற்று உள்ளே அரித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். ஆசிரியைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தட்டச்சு செய்த கணிதப் பயிற்சித் தாள்கள் அத்தனையும் அதற்குள்தான். வேறு பிரதி இல்லை. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது.

கட்டாரில் இருக்கும் மகளை அழைத்தேன்.

"பதறாதீங்க உம்மா. செருகியிருக்கிற எல்லாத்தையும் கழட்டிட்டுப் போடுங்க. பிறகு ஒவ்வொண்டாச் செருகிப் பாருங்க."

வகுப்பில் சத்தம் போடுவது யாரென்று தெரியாவிட்டால், எல்லோரையும் வெளியே அனுப்பி ஒவ்வொருவராக உள்ளே எடுப்போமே, அது போல.

முதலில் பிரிண்டரை மட்டும் செருகிப் போட்டேன், அதில் குற்றமில்லை. என் கணவர் செருகிவிட்டு மறந்த பென் டிரைவைச் செருகி, அணைத்துப் போட்டதும் மறுபடி நின்றது.

"மௌலவிமார்ட பயான் பேச்சுகள்தானே இருக்கு, அது என்ன செய்யும்?" என்றார் அவர்.

"கம்பியூட்டர் அதுல இருந்து ஸ்டார்ட் ஆகப் பாக்குது வாப்பா" என்று மகள் சிரித்தாள்.

கழற்றியதும் கணினி திறந்தது. தாள்கள் பத்திரம், அல்ஹம்துலில்லாஹ்.

"நிப்பாட்ட முந்தி எல்லாத்தையும் கொப்பி எடுங்க" என்கிறாள்.

வீட்டில் வேறு பென் டிரைவ் இல்லை. "என்டதப் பாவியுங்களேன்" என்று இவர் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

பிரதி எடுக்காமல் அணைக்கவும் பயம், அவர் கையிலிருந்து அதை வாங்கிச் செருகவும் பயம். நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?