கூந்தல் தைலக் கம்பெனியின் விமானி

விமானம் ஓட்டக் கற்று, கூலிக்கு ஆளேற்றிப் பறக்கலாம் என்ற லைசென்ஸும் வாங்கிக்கொண்டு மயிலாப்பூரில் சும்மா உட்கார்ந்திருந்தவன் அந்த நாளில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். "பக்கத்தாத்துப் பிள்ளைகள்லாம் வக்கீலாகிக் கோர்ட்டுக்குப் போயிண்டிருக்கு. நீ ஆகாசத்தைப் பாத்துண்டிரு" என்பாள் அம்மா. நான் தேடிக்கொண்டிருந்தது ஆகாசத்தை அல்ல. சொந்தமாக விமானம் வைத்துக்கொண்டு, அதை ஓட்டச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிற கம்பெனியை.

தேடுவதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. மீனம்பாக்கம் கொட்டகைக்குப் போவேன். அங்கே நிற்கிற விமானம் யாருடையது என்று மெக்கானிக்கிடம் கேட்பேன். மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு சொந்தக்காரர் வாசலில் போய் நிற்பேன்.

முதலில் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. மானேஜர் என் லைசென்ஸைக் கையில் எடுக்கவேயில்லை. விரல் நுனியால் தள்ளி மேஜையின் என் பக்கத்துக்கே அனுப்பிவிட்டு, "பைலட் எங்கள் ஊரிலிருந்து வருவார். உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா?" என்றார். அந்த ஊர்ப் பைலட்டை நான் பார்த்திருந்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்க்காமல் இறங்கி, வேலியில் சக்கரத்தை மாட்டிக்கொண்ட மகானுபாவர்.

அடுத்தது அடையாற்றில் ஒரு சர்க்கரை ஆலை முதலாளியின் பங்களா. விமானத்தின் இறக்கைகளை மடக்கிக் கார் ஷெட்டில் தள்ளியிருந்தார்கள். மேலே யாருடைய வேட்டியோ காய்ந்துகொண்டிருந்தது. காரியஸ்தர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "ஐயா வாங்கினது போட்டோவுக்கு. போட்டோ எடுத்தாச்சு."

மூன்றாவதாகத்தான் தியாகராய நகரில் அந்தக் கூந்தல் தைலக் கம்பெனி கிடைத்தது. முன்கட்டு ஆபீஸ், பின்கட்டு வீடு. முதலாளிக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அது யார் கண்ணிலும் படாததுபோல் நடந்துகொள்வதுதான் அங்கே முதல் வேலை. "நீதான் ஏரோப்ளேன் டிரைவரா? உயரமாக் கீறே, நல்லதாப் போச்சு" என்று சொல்லி என்னை எடுத்துக்கொண்டார். லைசென்ஸை அவரும் பார்க்கவில்லை.

திருவிழாக் கூட்டத்தின்மேல் நோட்டீஸ் போட எப்போதாவது பறந்தேன். மற்ற நாளெல்லாம் பித்தளைப் பொத்தான் வைத்த யூனிபாரத்தில் கல்யாணங்களுக்குப் போனேன். கார் முன்சீட்டில் நான், பின்சீட்டில் அவர். பந்தலில் என் தோளைத் தட்டி, "நம்ம கம்பெனி பைலட்டு" என்பார், புதிதாக வாங்கிய மாட்டைக் காட்டுவதுபோல.

ஒரு கல்யாணத்தில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் குறும்பாகக் கேட்டுவிட்டார்: "நீங்க எத்தினி வாட்டி மேல போயிருக்கீங்க?"

"நாளைக்குக் காலைல கூட போறேன்" என்றார் முதலாளி. முகம் வெளுத்துவிட்டது.

வந்தார். அந்த விமானத்தில் பைலட்டுக்குப் பின்சீட்டு; அவரை ஏற்றி முன்சீட்டில் உட்காரவைத்து வார் மாட்டினேன். இன்ஜின் முடுக்கி மைதானத்தில் உருள ஆரம்பித்ததுமே இரண்டு சீட்டுக்கும் நடுவே பேசப் போட்டிருந்த குழலில் அலறல் கேட்டது. "நிறுத்துடா! தூக்காதே! தூக்காதே!" தூக்கவில்லை. மைதானத்தை ஒரு சுற்று உருட்டிக்கொண்டுவந்து கொட்டகை வாசலிலேயே இறக்கிவிட்டேன். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஆபீசில் அத்தனை பேரையும் நிற்கவைத்து அவர் பேசினார். கபாலி கோயில் கோபுரத்துக்கு மேலே போனாராம். கீழே ஜனங்கள் எறும்பாகத் தெரிந்தார்களாம். "கை நீட்டினா மேகம் சில்லுனு கீது! இன்னா பைலட்டு?" என்று என்னைப் பார்த்தார். நான் குனிந்து யூனிபாரத்துப் பொத்தானைத் துடைத்தேன். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கை தட்டினார்கள். அத்தனை குமாஸ்தாக்களில் ஒருவனுக்காவது, அன்று வானத்தில் மேகமே இல்லையே என்று தோன்றவில்லை.

பின்கட்டு வீட்டுக்குப் போகிற கதவருகே நின்று முதலாளியின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"நெஜத்த சொல்லுங்க தம்பி. அவர் மேல போனாரா?"

"இல்லீங்கம்மா. தரையிலயே ஒரு சுத்து."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "அப்ப நான் போறேன். நாளைக்கே" என்றார்.

மறுநாள் புடவையை வரிந்து கட்டி, தலைக்கவசத்துக்குள் கொண்டையை அமுக்கிக்கொண்டு ஏறினார். தரையை விட்டபோது ஒரு சத்தமும் வரவில்லை. பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அடையாற்று முகத்துவாரம் வந்ததும் குழலில் குரல் கேட்டது: "கடல் மேல போவீங்களா?" போனேன். நொச்சிக்குப்பத்துக் கட்டுமரங்கள் நெல் உமி தூவினதுபோலக் கிடந்தன. கரையிலிருந்தவர்கள் கை ஆட்ட, அவரும் எட்டிப் பார்த்துக் கை ஆட்டினார். திருவான்மியூர்க் கோயில் குளத்தைச் சுற்றித் திரும்பும்போது, "இன்னொரு வாட்டி" என்றார். இன்னொரு முறை சுற்றினேன். அந்தக் கம்பெனியில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அவர் வீட்டுக்குப் போய் ஒளிக்கவில்லை. தெருவுக்கே சொன்னார். மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு இட்டுக்கினு போனே?"

"அம்மா கேட்டாங்க. கம்பெனி விமானம்தானே?"

"ஒரு பொம்பள கடல் மேல போய்ட்டு வந்து, இன்னா பயம் இதுலன்னு கேக்குறா. இனிமே என்னை எவன் மதிப்பான்?"

எவன் அதுவரை மதித்தான் என்று கேட்டிருக்கலாம். யூனிபாரத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

அடுத்த மாதம் அந்தப் பித்தளைப் பொத்தான்களை ஒரு கல்யாணப் பந்தலில் பார்த்தேன். உள்ளே இருந்தவன் நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் போட்டவன், என்னைவிட உயரம். எந்த விமானம் ஓட்டுகிறாய் என்று கேட்டேன். "ஓட்டறதா?" என்று பயந்துபோய்த் திருப்பிக் கேட்டான்.

அதன்பிறகு நான் முதலாளிகளின் வாசலில் நிற்கவில்லை. கராச்சியில் தபால் விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னான். ரயில் ஏறினேன். அங்கேதான் முதல்முறையாக ஒருவர் என் லைசென்ஸை விரித்துப் படித்தார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். மறுவாரம் தபால் மூட்டைகளோடு மேலே ஏறினேன்.