ரெஜினா அக்கா லீவு போட்டு ஓபரா பார்த்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஜெர்மனியின் பான் நகர ஓபரா அரங்கின் ஏழாவது வரிசையில், நான் விழித்திருந்தேன்.

இதில் என்ன செய்தி என்கிறீர்களா? 'விழித்திருந்தேன்' என்பதுதான் செய்தி.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் ஓபரா ஞானம் புதிதல்ல. மனைவிக்கு அதில் உயிர். வருடச் சந்தா கட்டி வைத்திருக்கிறாள். நான் கூடப் போவேன். அரங்கில் விளக்கு அணையும்... எனக்கும் அணைந்துவிடும். இடைவேளையில் ஒரு காபி. பிறகு மறுபடியும் தூக்கம். ஆறு வருடமாக இப்படித்தான் கலை வளர்த்து வருகிறேன்.

ஆனால் இந்த முறை பக்கத்து சீட்டில் மனைவி இல்லை. அவள் ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்தாள். உட்கார்ந்திருந்தவர் ரெஜினா அக்கா.

ரெஜினா அக்கா இலங்கையில் மன்னார்க்காரர். வயது ஐம்பத்தெட்டு. அந்த அரங்கின் கோட் கவுண்டரில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறார். இந்தக் குளிர் ஊரில் யாரும் கோட்டோடு உள்ளே போய் உட்கார மாட்டார்கள். அதைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு ஒரு நம்பர் வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டே கோட்டை நீட்டினேன். "தமிழோ தம்பி?" என்று ஒரு குரல். அன்றிலிருந்து என் கோட்டுக்கு முதல் கொக்கியில் இடம். கூட்டத்தில் நிற்காமல் வீட்டுக்குப் போகலாம். தமிழ்ப்பற்று என்றால் இதுதான்!

ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பதினைந்து வருடத்தில் அக்கா ஒரு ஓபராகூடப் பார்த்ததில்லை. ஆரம்பிக்கும்முன் கோட் வாங்குவார், முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். நடுவில், மூடிய கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டிருக்கிறார்.

"இண்டைக்குக் கடைசியில ஒரு பொம்பிளை சாவாள் தம்பி. குரலிலயே தெரியும்" என்பார்.

"ஏன்க்கா சாகறா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? கதவு பூட்டியெல்லோ கிடக்கு!"

அப்படிப்பட்டவர் இந்த முறை லீவு போட்டு, இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்று ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அவருடைய தோழி பிலோமினாவுக்கு. சனிக்கிழமை பிலோமினாவுக்குக் காய்ச்சல். உடனே எனக்கு போன்.

"ஒரு டிக்கெட் மிஞ்சிப் போச்சு. நீங்கள் வாறியளோ? ஆனா நித்திரை கொள்ளக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"சரிக்கா. இத்தனை வருஷம் இல்லாம இதுக்கு மட்டும் ஏன் லீவு?"

"போஸ்டர் பாத்தனான். அடிமையா இருந்த ஒரு பொம்பிளை தப்பி ஓடுறாளாம். ஓடினதோட நிக்கேல்லையாம். திரும்பிப் போய் மற்ற ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறாளாம். அவள் எப்பிடிச் செய்தவள் எண்டு பாக்க வேணும்."

எப்படிச் செய்தாள் என்று பார்க்க வேண்டுமாம். பாட்டைக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஓபரா தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு தோட்டம். அடிமைகள். நாயகி ஒரு குளிர்கால இரவில் தனியாகக் கிளம்புகிறாள். சதுப்பு நிலம், நாய்கள், ஆறு... முதல் அங்கத்தின் பாதியிலேயே அவளுக்கு விடுதலை. இனி நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டேன் என்கிறாள். வந்த வழியே திரும்பிப் போகிறாள் — தங்கையை அழைத்துவர.

தங்கையின் குடிசைக் கதவைத் தட்டுகிறாள். தங்கை கதவைத் திறக்கிறாள். பாட ஆரம்பிக்கிறாள்.

எனக்குப் பயமாயிருக்கிறது என்று பாடுகிறாள். முதலாளி வந்துவிடுவான் என்று பாடுகிறாள். நாய் குரைக்கும் என்று பாடுகிறாள். ஓபராவில் ஒருவர் பயப்பட ஆரம்பித்தால் லேசில் முடியாது. ஆறேழு நிமிடம் ஓடியிருக்கும். வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு வயலின் மட்டும் மெல்ல இழைந்துகொண்டிருந்தது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

"பாடினது காணும்... வெளிக்கிடடி!"

ரெஜினா அக்கா!

முன்னால் இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. நான் கூரையில் இருந்த விளக்குகளை எண்ண ஆரம்பித்தேன். அக்கா யாரையும் கவனிக்கவில்லை. இரண்டு கையாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தானோ என்னவோ, தங்கை ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இடைவேளையில் முன்வரிசைக்காரர் ஒருவர் நேராக எங்களிடம் வந்தார். எழுபது வயதிருக்கும். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு போ டை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"மன்னிக்க வேண்டும். அம்மா என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

மொழிபெயர்த்தேன். பாடியது போதும், கிளம்பு.

அவர் தன் போ டையைச் சரிசெய்துகொண்டார். "நாற்பது வருடமாக ஓபரா பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் நினைத்தது இதுதான்" என்றார். அக்காவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் நாயகி ஒரு படகு நிறைய ஆட்களோடு கரை சேர்ந்தாள். திரை விழுந்தது. கைதட்டல் எழுந்தது... அவ்வளவுதான், அக்கா சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். கதவுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"கைதட்டினம் தம்பி! எல்லாரும் இப்ப கோட்டுக்கு வரப்போகினம்!"

"அக்கா... இன்னைக்கு உங்களுக்கு லீவு."

அக்கா அப்படியே நின்றார். பிறகு சிரித்தார். நின்ற இடத்திலேயே, கடைசி ஆள் நிறுத்தும்வரை கைதட்டினார்.

அரங்கை விட்டு இறங்கினால் ரைன் நதி. கரையோரம் ஒரு கஃபேயில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இருந்தது. அக்கா ஆப்பிள் கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாரே தவிர, சாப்பிடவில்லை.

"அந்தத் தங்கச்சியை இப்படி அதட்டிட்டீங்களேக்கா" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"அவளும் இப்பிடித்தான் நிண்டவள்."

"யாரு?"

"பிலோமினா."

பிறகு அக்கா சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் அக்காவும் பிலோமினாவும் ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊரில், ஒரு உணவகத்தின் சமையலறையில் இருந்தார்கள். வேலை என்று சொல்ல முடியாது. முதலாளி இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தான். சம்பளம் கிடையாது. மாடியில் ஒரு அறை, இரவில் வெளியிலிருந்து பூட்டு. பொலிஸுக்குப் போனால் அன்றைக்கே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று தினமும் சொல்லி வைத்திருந்தான்.

ஒருநாள் காலிப் போத்தல்களைத் தெருமுனையில் பழைய கண்ணாடி சேர்க்கும் தொட்டியில் போட்டுவர அக்காவை அனுப்பினான். போத்தல் விழும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். சத்தம் நின்றால் இரண்டு நிமிடத்தில் ஆள் திரும்பியாக வேண்டும்.

தொட்டிக்குப் பக்கத்தில் தன் போத்தல்களோடு ஒரு ஜெர்மன் அம்மாள் நின்றிருந்தார். பெயர் ஹில்டா. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை.

"எனக்கு அப்ப டொச்சில, அதுதான் ஜெர்மன் பாசையில, அஞ்சு சொல்லுத்தான் தெரியும். அந்த அஞ்சையும் சொன்னன். பாஸ் எண்டன், அது பாஸ்போர்ட். ஷெஃப் எண்டன், அது முதலாளி. பூட்டைக் காட்டிற மாதிரிக் கையைக் காட்டினன். பேந்து அழுதன். மனுசி ஒண்டும் கேக்கேல்லை. தன்ர காரைக் காட்டினா. ஏறி உள்ளுக்கக் குனிஞ்சு இருந்தன்."

"அவங்க?"

"அவ நிண்டு என்ர போத்திலெல்லாத்தையும் ஒவ்வொண்டாப் போட்டா தம்பி. டங்... டங்... எண்டு. அவசரமே இல்லாமல். உள்ள இருக்கிறவன் நான் நிக்கிறன் எண்டு நினைச்சிருப்பான்."

ஹில்டா அம்மாள் வீட்டில் அக்காவுக்கு ஒரு அறை கிடைத்தது. வக்கீல், விண்ணப்பம், அலுவலகம் என்று எல்லாவற்றுக்கும் அவரே கூட அலைந்தார். அக்கா தப்பித்தாகிவிட்டது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. பிலோமினா இன்னும் உள்ளே. பொலிஸை அனுப்பினால் பயத்தில் எங்கேயாவது ஒளிந்துகொள்வாள். தமிழில், முகத்தைப் பார்த்து, யாராவது சொன்னால்தான் வருவாள்.

அக்காவைத் தவிர வேறு யார் போவது?

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு பெண்கள் வாடிக்கையாளர்களாக அந்த உணவகத்துக்குள் போனார்கள். ஹில்டா அம்மாளும், முடியைக் கத்தரித்துத் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ரெஜினா அக்காவும். பருப்பு சூப் கேட்டார்கள். வந்தது. ஹில்டா ஒரு கரண்டி குடித்தார். கரண்டியை டொக்கென்று வைத்தார்.

"இதைச் சமைத்தது யார்? கூப்பிடுங்கள்!"

முதலாளி ஓடி வந்தான். அக்கா, விழுந்த கைக்குட்டையைத் தேடுவதுபோல மேசைக்கடியில் போய்விட்டார்.

"அவன்ர சப்பாத்துக் கால் என்ர மூக்குக்குக் கிட்ட நிண்டது. மாதாவே எண்டு இருந்தன்."

அவன் மன்னிப்புக் கேட்டான். வேறு சூப் தருகிறேன் என்றான். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்த டீச்சர் விடுவாரா? "நீங்கள் வேண்டாம். சமைத்தவர் வரட்டும்." கடைசியில் அவனே போய், அவன் கையாலேயே பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு வந்து மேசை முன் நிறுத்தினான்.

ஹில்டா உடனே சூப் கிண்ணத்தோடு எழுந்தார். "உங்கள் சமையலறையை நான் பார்க்க வேண்டும்" என்று விறுவிறுவென்று உள்ளே நடந்தார். முதலாளி பதறிக்கொண்டு அவர் பின்னால் ஓடினான்.

மேசைக்கடியிலிருந்து அக்கா எழுந்தார்.

"பிலோமினா என்னைப் பாத்துப் பேயறைஞ்ச மாதிரி நிண்டாள். கத்தாதை, கதவு திறந்துதான் இருக்கு, நட எண்டன். அவள் என்ன சொன்னவள் தெரியுமோ தம்பி? 'அடுப்பில சோறு கிடக்கடி, இறக்கி வச்சிட்டு வாறன்' எண்டாள்!"

"ஐயோ! நீங்க?"

"எரியட்டும், வெளிக்கிடடி எண்டு கையைப் பிடிச்சு இழுத்தன்."

இருவரும் தெருவைக் கடந்து காருக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஹில்டா நிதானமாக வந்து காரைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும், "அங்கே சோறு அடிப்பிடிக்கப் பார்த்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்" என்றார். அதைக் கேட்டு பிலோமினா சிரித்தாராம். பிறகு ஊர் எல்லை தாண்டும்வரை அழுதாராம்.

மறுநாள் ஹில்டா வக்கீலையும் பொலிஸையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி வந்தார். அந்த வருடமே உணவகம் மூடப்பட்டது. பிலோமினாவுக்கு இன்று ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக ஒரு தையல் கடை. ஹில்டா அம்மாள் தொண்ணூற்றொரு வயதுவரை இருந்து, போன வருடம்தான் காலமானார்.

"அதோட முடிஞ்சுதாக்கா?"

"எங்க முடிஞ்சுது? ஹில்டாவுக்கு அது பழகிப் போச்சு. இப்பிடி மாட்டுப்பட்டவை ஆரும் இருக்கினம் எண்டு கேள்விப்பட்டா, நாங்கள் மூண்டு பேரும் வெளிக்கிடுவம். இன்னும் அஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். எல்லா இடத்திலயும் சூப் சரிவராது. ஒரு வீட்டுக்கு மாதா கோயில் பாட்டுக்காரர் மாதிரிப் போனனாங்கள்."

ஆறு வருடமாக இந்த அக்காவிடம் கோட் கொடுத்து வாங்கியிருக்கிறேன். குளிரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ட்ராம் தாமதத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

"இதை ஏன்க்கா இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லல?"

"ஆர் தம்பி கேட்டவை? எல்லாரும் கோட்டைத்தானே கேட்டவை."

சொல்லிவிட்டு அக்கா கேக்கைச் சாப்பிட ஆரம்பித்தார். 

மேடை, வாத்தியம், ஆறேழு நிமிடப் பாட்டு எல்லாம் இருந்தால்தான் தைரியம் நம் கண்ணுக்குப் படுகிறதோ? அது கோட் கவுண்டரில் கை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கும்போது ஏன் தெரிவதில்லை?

செவ்வாய்க்கிழமை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியைச் சுத்தம் செய்ய எப்போதும் வரும் எரித்திரியாக்காரர் வந்தார். வழக்கமாக ஒரு வணக்கத்தோடு தாண்டிப் போய்விடுவேன். அன்று படியில் உட்கார்ந்து, "நீங்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

இரண்டு மணி நேரம் பேசினார். மூன்றாவது மாடி இன்னும் அழுக்காகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் — அவர் மேல் தப்பில்லை, புகார் என் மேல் கொடுங்கள்!