கோடிட்ட இடத்தில் வீரர் பெயர்

“பேரை மட்டும் மாத்துனாப் போதுமுங்க. நம்ம பாட்டு எந்த ஊட்டுக்கும் பொருந்தும். கலெக்டர் போனாலும் அதே கண்ணீர், கறிக்கடைக்காரர் போனாலும் அதே கண்ணீர்.”

திருச்செங்கோட்டுப் பக்கம் மைக்செட் கடை வைத்திருக்கும் பூபதி, டீக்கடையில் ஏழு சாட்சிகள் முன்னிலையில், கையில் பாதி வடையோடு வெளியிட்ட பிரகடனம் இது. சும்மா சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் எழவு விழுந்த வீடுகளில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பாடுகிறார். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் பாட்டெல்லாம் தயாராக இருக்கும். பெயர் வரும் இடத்தில் மட்டும் கோடு. எழவு வீட்டில் இறங்கியதும் பேரு, ஊரு, வயசு என்று மூன்றே கேள்வி. பென்சிலால் கோட்டின்மேல் எழுதுவார், பாடுவார், ரப்பரால் அழிப்பார். எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடங்களில் காகிதம் வெங்காயத் தோலாகிவிட்டது. வட்டாரத்து மயானம் மொத்தமும் அந்த இரண்டு அங்குலத்தில் அடக்கம்.

இப்பேர்ப்பட்ட மேதையைத்தான் போன மாதம் ஓய்வுபெற்ற ஹவில்தார் குணசீலன் போனில் கூப்பிட்டார். வெட்டுக்காட்டுப்பாளையத்தில் நினைவுத்தூண் கட்டியிருக்கிறார்கள். பட்டாளத்தில் உயிர்விட்ட அந்த ஊர்க்காரர் மூன்று பேருக்கு. திறப்பு விழாவுக்கு ஒரு பாட்டு வேண்டும்.

“நாட்டுக்காகப் போனவங்க, பூபதி. கம்பீரமா இருக்கோணும்.”

“பத்தே நிமிசமுங்க,” என்றார் பூபதி. ஒன்பதிலேயே முடித்துவிட்டார்.

ஊர் மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. பூபதி கண்ணை மூடி, தொண்டையைக் கொஞ்சம் உடைத்துப் பாடினார். முதல் வரிசையில் நாலு துண்டுகள் கண்ணுக்குப் போயின. ஒரு முகம் மட்டும் அசையவில்லை. அது முத்தாயம்மாள். தூணில் மூன்றாவதாக இருக்கும் நிலவனின் அம்மா. திரையை இழுத்துத் திறக்க வேண்டியவர்.

“பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது,” என்றார். “ஆனா ‘பேரன் பேத்தி எடுத்தவரே’ன்னு பாடுனீங்களே. என்ற பையனுக்கு இருவத்தாறு வயசு. இன்னம் பொண்ணே பாக்கலீங்.”

பூபதிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டைக் கடைசியாகப் பாடியது எண்பத்து மூன்று வயது வெல்ல மண்டிக்காரருக்கு. மண்டிக்காரரின் பெயரை அழித்தவர் பேரன் பேத்திகளை அழிக்கவில்லை.

“அது… பொதுவா எல்லாத்துக்கும் போடற வரிங்க.”

“நெஞ்சுல ஈட்டி வாங்குனாங்கன்னீங்க. அவன் பட்டாளத்து லாரி ஓட்டுனானுங்க. மலை ரோடு சரிஞ்சு போயிட்டான். ஈட்டி எங்கிருந்துங்க வந்துச்சு?”

பட்டாளத்துக்கென்றே பூபதி புதிதாகச் சேர்த்த ஒரே வரி அந்த ஈட்டிதான்.

“இந்தப் பாட்டுத்தான்னா நான் திரை இழுக்க வரலீங். வேற ஆரையாச்சும் வெச்சுக்குங்க.” கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் பூபதி சமாளித்திருப்பார்.

குணசீலன் மீசையைத் தடவினார். “திறப்புக்கு இன்னம் ஒம்போது நாள் இருக்குது. பத்து நிமிசத்துக்காரருக்கு அது தாராளம்.”

வீட்டில் மனைவி ஜோதி சேதியைக் கேட்டுக்கொண்டு, “புது ரப்பர் ஒண்ணு வாங்கியாரட்டுங்களா?” என்றார்.

மறுநாள் காலை பூபதி ஒரு காரியம் செய்தார். இருபத்திரண்டு வருடத் தொழில் தர்மத்தையே மீறி, நாலாவது கேள்வி கேட்கக் கிளம்பினார்.

முதல் பெயர் சடையன். எழுபத்தொன்றில் நடந்த போரில் போனவர். தம்பிக்கே இப்போது அறுபதுக்கு மேல். “நாட்டுக்காகவா போனான்? அப்பன் களை வெட்டச் சொன்னாருன்னு ஓடிப்போயில்ல பட்டாளத்துல சேந்தான்,” என்று சிரித்தவர், சிரிப்பு ஓய்ந்ததும் சொன்னார்: “அங்கிருந்து எனக்கொரு செருப்பு வாங்கி அனுப்பிச்சான். அளவு பெருசு. நான் வளந்து போட்டுக்குவனாம்.”

இரண்டாவது காளியப்பன். அவர் சம்சாரம் கடுதாசிக் கட்டைப் பிரித்துக் காட்டினார். எல்லாக் கடுதாசியிலும் கடைசி வரி ஒன்றேதான்: கிணற்றில் எத்தனை படி தெரிகிறது?

முத்தாயம்மாள் வீட்டில் முதல் நாள் “வேலை கெடக்குதுங்க” என்று பதில். இரண்டாம் நாளும் அதே வேலை கிடந்தது. மூன்றாம் நாள் பூபதி மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப்போட்டு அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற லாரியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாவே வந்தார்.

“அவங்கப்பன் வண்டிங்க இது. எப்பப் போன் பண்ணுனாலும், எடது பக்கக் கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சே, மாத்தியாச்சான்னுதான் மொதக் கேப்பான். நாங்க சோறு தின்னமான்னு அப்பறந்தான்.”

மீதி ஐந்து நாளும் பூபதி பாட்டோடு மல்லுக்கட்டினார். பழைய வரிகள் பழகிய நாய் மாதிரி தாமாக வந்து காலைச் சுற்றின, துரத்தினார். “அந்தப் பத்து நிமிசம் இன்னம் முடியலீங்களா?” என்று ஜோதி தினமும் டீயோடு விசாரித்தார். ஒரு எழவுக்கும், ஒரு காதுகுத்துக்கும் பூபதி வேறு ஆளை அனுப்பினார். திறப்புக்கு முந்திய நாள் குணசீலன் மூலம் பாட்டெழுதிய தாளை முத்தாயம்மாளுக்குக் கொடுத்தனுப்பினார். பதிலாக ஒன்றும் வரவில்லை. ஆனால் காலையில் அந்த அம்மா வந்து திரைக்கயிற்றின் பக்கத்தில் நின்றார்.

பூபதி கண்ணைத் திறந்துகொண்டே பாடினார்.

சின்னவன் வளர்வானென்று செருப்பைப் பெருசாய் வாங்கினவன்
தண்ணி இறங்கி எத்தனை படியென்று தபாலில் கேட்டவன்
கண்ணாடி மாத்தியாச்சா என்று காத்திருந்து கேட்டவன்
கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல இன்றைக்குக் கூடினோம்

“மாத்தியாச்சு சாமி,” என்று முத்தாயம்மாள் கயிற்றை இழுத்தார். மைக்குக்காகச் சொன்னதல்ல. பக்கத்தில் நின்ற பூபதிக்கு மட்டும் கேட்டது.

விழா முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர் கருப்பண்ணன் வந்தார். டீக்கடைச் சாட்சிகள் ஏழு பேரில் ஒருவர்.

“எங்க ஊர்லயும் பட்டாளத்துல போன பையன் ஒருத்தன் இருக்கறானுங்க. அடுத்த மாசம் அவனுக்குப் படம் திறக்கறோம். இதே பாட்டு, பேரை மட்டும் மாத்திப் பாடிருங்க. உங்களுக்குத்தான் எந்த ஊட்டுக்கும் பொருந்துமே.”

பூபதி ஒயரைக் கீழே வைத்தார். பச்சை நோட்டை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, கோடு போடாத வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார்.

“அந்தப் பையன் ஊட்டுல ஆருங்க இருக்கறாங்க? நாளைக்குக் காலையில வாரேன்.”