பன்னிரண்டு ஃப்ரேம்

ஜெயலக்ஷ்மி தி.நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது என்ன வேலை என்று கணவர் ராமானுஜத்துக்கு விளக்கவே ஒரு வாரம் ஆயிற்று. எடிட்டிங் மெஷினில் இருக்கும் படத்தை அடையாறில் இருக்கும் கிராஃபிக்ஸ் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்று எழுதியதை மற்றது படிக்காது. அதனால் ஓடுகிற படத்தைத் தனித்தனிப் படங்களாக, ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து, வரிசையாக நம்பர் போட்டு, உள்ளங்கையளவு ஜாஸ் டிஸ்க்கில் ஏற்றி, பஸ் பிடித்துப் போவாள். விநாடிக்கு இருபத்தைந்து படம். ஒரு டிஸ்க்கில் முப்பது விநாடி அடங்கும்.

"காத்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முப்பது செகண்டா?" என்றார் ராமானுஜம். "நான் செருப்பு மாட்டிக்கவே அவ்வளவு நேரம் ஆகுமே."

அதிலிருந்து தினமும் அவள் மயிலாப்பூர் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்பார்.

"இன்னிக்கு எத்தனை செகண்ட்?"

"இருபத்திரண்டு."

"அடடா. களைச்சுப் போயிருப்பே. உக்காரு, காபி போடறேன்."

மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை, அவள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். பேப்பர் பிரிக்காமல் மடியில் கிடந்தது. பதின்மூன்று நாள் காரியங்கள் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள். குளிரூட்டிய அந்த இருட்டறை அவளுக்குப் பிடித்திருந்தது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல, வெளிச் சத்தங்கள் தொலைவில் கேட்கும். நம்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருக்கும்.

பங்குனியில் ஒரு தொடரின் டைட்டில் வந்தது. கபாலி கோயில் குளத்துக் கம்பியோரம் கதாநாயகி நிற்கிறாள். அந்தப் படம் கரைந்து விளக்குச் சுடராக வேண்டும். எடிட்டர் ஷ்ரவண் நாலு விநாடியில் வெட்டியிருந்தான்.

"அதுக்கு மேல போனா பின்னாடி ஒரு ஆள் கேமராவைப் பார்த்துடறார், மாமி. எப்பவும் போல ரெண்டு பக்கமும் பன்னிரண்டு ஃப்ரேம் சேர்த்துக் குடுத்துடுங்கோ."

படத்தைக் கரைக்க, வெட்டுக்கு வெளியே கொஞ்சம் மிச்சம் வேண்டும். அந்த மிச்சத்தை அவள் ஒருநாளும் குறைத்ததில்லை. முன்பக்க மிச்சம் பன்னிரண்டு, வெட்டு நூறு; நூற்றுப்பன்னிரண்டாவது படத்தோடு ஷ்ரவணின் வெட்டு முடிந்தது. நூற்றுப்பதின்மூன்றில், தெற்கு மாட வீதிப் பக்கமிருந்து மஞ்சள் பையோடு வந்த ஒருவர் தலையைத் திருப்பத் தொடங்கினார். நூற்றிருபத்துநாலில் முழுக்கத் திரும்பியிருந்தார்.

ஆவணியில் ஒருநாள் ராமானுஜம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'குளத்தண்டை ஏதோ ஷூட்டிங். உங்கிட்ட வந்தாலும் வரும்னு நன்னா திரும்பிப் பார்த்துட்டு வந்தேன்.' 'ஊர்ல நடக்கற ஷூட்டிங் எல்லாம் எங்கிட்டதான் வரதாக்கும்' என்று அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே சிரித்திருந்தாள்.

ஷூட்டிங் கேஸட்டின் மேல் அடுத்த வாரம் வேறு எதையோ பதிந்துவிடுவார்கள். மெஷினில் இருப்பதை இன்று மாலையே அழித்துவிடுவார்கள். டிஸ்க் அடையாறில் காலியாகித் திரும்பி வரும். அதை எடுத்துவைக்கச் சொல்லி ஷ்ரவணிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அறையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவள் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மஞ்சள் பை. கைப்பையின் மூடியில் இருந்த காந்தம் டிஸ்க்கை அழித்துவிடும் என்பதால் எப்போதும் இந்தத் துணிப்பையில்தான் கொண்டுபோவாள். படத்தில் அவர் கையில் இருந்ததும் அதே பைதான்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. மத்தியான வெயிலில் ஆறு நகராமல் கிடந்தது. மடியில் பை, பைக்குள் டிஸ்க், டிஸ்க்குக்குள் அந்தப் பையைப் பிடித்தபடி அவர். கண்ணை மூடினால் அவர் திரும்பினார். திறந்தால் ஆறு. மூடினால் மறுபடி திரும்பினார். அடையாறு வந்ததைக் கண்டக்டர்தான் சொன்னார்.

காந்தி நகர் மாடியறையில் நூர் முஹம்மது டிஸ்க்கைப் போட்டு ஓட்டினான். கிராஃபிக்ஸ் வேலையெல்லாம் அவன் கையில். பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"இன்னா மாமி, தப்பே பண்ணாத ஆளு நீங்க. ஃபீல்டு மாறிக்கீதே."

ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதி; ஒரு பாதிதான் ஒரு ஃபீல்டு. எது முதலில் என்று மாற்றிச் சொல்லிவிட்டால், நகர்வதெல்லாம் ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே என்று நடுங்கும்.

"பாருங்க, பின்னாடி ஒரு பெர்சு திரும்பலாமா வேணாமான்னு தந்தி அடிச்சிக்கினு கீறாரு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. "அவர் எங்காத்துக்காரர்" என்றாள்.

நூர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.  பிறகு பாதிகளை மாற்றி வைத்து, மெதுவாக ஓட்டினான். நடுக்கம் நின்றது. ராமானுஜம் நிதானமாகத் திரும்பினார்.

"நூர், இதை அழிக்காம இருக்க முடியுமா?"

"டிஸ்க்கு நாளைக்கு வோணுமே, மாமி. எத்தினி ஃப்ரேம்?"

"பன்னிரண்டு."

"ஒண்ணு ஒண்ணே கால் எம்பி. ஃப்ளாப்பிக்கு ஒண்ணுதான் புடிக்கும்." இழுப்பறை, அலமாரி, சட்டைப் பை எல்லாம் துழாவினான். பதினொன்று தேறியது. "மொத ஃப்ரேமை வுட்டுடலாமா? அதுல அவுரு திரும்பவே இல்லியே."

அவள் நூற்றுப்பதின்மூன்றைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் வெயில் படத் தொடங்கியிருந்தது.

"திரும்பலை. ஆனா திரும்பப் போறார்."

நூர் தன் எழுத்துருக்கள் இருந்த ஃப்ளாப்பியை எடுத்து, லேபிளைக் கிழித்துவிட்டு, அழித்தான். "இன்னா பேரு போடட்டும்?" என்று கேட்டு, அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். ஒரு ஃப்ளாப்பிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலே ஆயிற்று. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றும் கரகரவென்று எழுதி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

டைட்டிலில் அவர் கரைந்துதான் போவார். அதற்கென்று அனுப்பிய மிச்சம்தானே அது. திரும்பத் திரும்ப மெலிந்து, சுடருக்குள் போய்விடுவார். வாராவாரம். அதைப் பற்றி அவள் நூரிடம் எதுவும் கேட்கவில்லை.

மயிலாப்பூர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கதவைத் திறந்தாள். நாற்காலி இருந்தது. மஞ்சள் பையை அதன் மேல் வைத்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வாங்கப் போவதும் இல்லை.

"அரை செகண்ட்" என்றாள். கொஞ்சம் யோசித்துத் திருத்திக்கொண்டாள். "அதுக்கும் துளி குறைச்சல்."

பிறகு, களைத்திருந்ததால், சற்று உட்கார்ந்துவிட்டு அவளே காபி போடப் போனாள்.