சரிவுப் பக்கத்துக் கண்

என் வீட்டுக்காரர் தோட்டத்து லொறி ஓட்டினார். ஃபெக்டரியிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப்போய் அட்டன் ரயில் ஸ்டேஷனில் இறக்க வேண்டும். மலைப் பாதையின் வளைவுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. சீனி வியாதி வந்த பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை.

“வருசா வருசம் கண்ணக் காட்டணும். சீனி சத்தமில்லாம கண்ணுல போய் உக்காந்துக்கும்” என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மூத்திரம் சோதிக்கும்போதெல்லாம் சொல்வார். இவரோ தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைக் காட்டி, யார் யாரென்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். கண்ணில் குறை என்று தெரிந்தால் தோட்டத்துத் துரை லொறியைப் பிடுங்கிவிடுவாரோ என்ற பயம் உள்ளே இருந்தது. வெளியே சொல்வாரா, ஆம்பிளை அல்லவா!

ஒருநாள் பெட்டி இறக்கும் வேலையும் அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வருவதும் சேர்ந்து வந்தன. என் நச்சரிப்புத் தாங்காமல் சம்மதித்தார். நழுவிவிடுவார் என்று நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். இடது பக்கம், பள்ளத்தைப் பார்த்தபடி எனக்கு இடம்.

முந்தின வாரத்து மழையில் ஒரு வளைவில் பாதையோரம் சரிந்திருந்தது. அங்கே சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றை நட்டிருந்தார்கள். இவர் எப்போதும்போல ஓரத்தை ஒட்டியே வண்டியை விட்டார். திருப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கம்பு முறிந்தது. துணி என் கதவில் உரசிக்கொண்டு போனது. கீழே பார்த்தால் மண்ணே இல்லை.

“அங்கிட்டு ஒடிங்க! அங்கிட்டு ஒடிங்க!” என்று அலறினேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். பின்சக்கரம் வழுக்கி, எப்படியோ மேலேறியது.

“கம்ப இடிச்சுட்டீங்களே!”

“எந்தக் கம்பு, புள்ள?”

விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்டார். மீதி வழி முழுக்க நான் ஓரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ஓட்டினார். ஏன் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் குளிரிலும் அவர் கழுத்து வியர்த்திருந்தது.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர். இவருடைய இடது கண்ணைப் பொத்தி விரல்களைக் காட்டினார். இவர் சரியாகச் சொன்னார். பிறகு வலது கண்ணைப் பொத்தினார்.

“ரெண்டு கண்ணையும் பொத்திட்டீங்களே ஐயா, எப்படிச் சொல்றது?” என்றார் இவர்.

டாக்டர் பொத்தியிருந்தது ஒரு கண்ணைத்தான். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர். “நேரத்தோட காட்டியிருக்க வேணும். இந்தக் கண் போயிட்டுது. மற்றதிலயும் சேதம் துவங்கிட்டுது. நோவில்லை, நல்லாத் தெரியுது எண்டு இருக்கக் கூடாது. சீனியைக் குறைச்சு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் வந்து காட்டுங்கோ. அப்பதான் மிச்சக் கண்ணாவது மிஞ்சும்.” மருந்துச் சீட்டை எழுதியபடியே கேட்டார். “எப்பிடி வந்தனீங்கள், பஸ்ஸிலயோ?”

“லொறியிலங்க” என்றேன்.

“ஆர் ஓட்டினது?”

இவர் சட்டைப் பையிலிருந்து லொறிச் சாவியை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார்.