வெயிலில் போட்ட கேசட்டுகள்

நெடுஞ்செழியனைத் தெரியாத இசை மாணவர்கள் தஞ்சாவூரில் குறைவு. தனியார் இசைக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் உதவியாளர். போன நூற்றாண்டில் கீர்த்தனை இயற்றியவர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று யார் வந்து நின்றாலும், ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டென்றால் புத்தகம் குவிந்து கிடக்கிறது. நேற்றுவரை நம்மோடு பஸ்ஸில் இடிபட்டு வந்தவர் இயற்றியதற்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. இது என்ன கொடுமை? அந்த ஆத்திரம்தான் மனிதரை ஊர் ஊராக அலையவைத்தது. கச்சேரி அழைப்பிதழ், சுரம் குறித்த தாள், பழைய கேசட் என்று எது அகப்பட்டாலும் கொண்டுவந்து சேர்ப்பார்.

பெற்றோர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போய், பிறகு குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்கள். நெல்லில் ஈரம் கூடுதலென்று கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிட்டால், ரோட்டில் கொட்டிக் காயவைத்துவிட்டு மகனைக் காவலுக்கு உட்காரவைப்பார்கள். நெல்லோ விறகோ பாயோ, ஈரம் என்றால் வெயிலில் போடு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கூடவே வளர்ந்த புத்தி அது. அந்தப் புத்திதான் காலை வாரிவிட்டது.

பாபநாசத்தில் துரைராசு என்றொரு பாட்டு வாத்தியார் இருந்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது போக, சொந்தமாகவும் கீர்த்தனைகள் இயற்றினார். ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. பாடிப் பாடிக் கேசட்டில் பிடித்துவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் மகள் மாலதி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். கேசட் போடும் பெட்டி வீணாகி எத்தனையோ வருஷம், அப்பா குரலே மறந்துவிடும் போலிருக்கிறது என்று சொல்லி, ஒரு பை நிறையக் கேசட்டுகளை நெடுஞ்செழியனிடம் கொடுத்தார். கைம்மாறாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் குரலைத் தன் போனில் ஏற்றித் தந்தால் போதும் என்றார்.

கல்லூரிக்கு வந்ததும் நெடுஞ்செழியன் அங்கிருந்த மிஷினில் ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்தார். பாட்டு முடிகிற இடம். வாத்தியார் ஏதோ பேசினார். மாலதிக்கு அனுப்பலாமென்று அதைப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே மிஷின் கரகரத்து நின்றுவிட்டது. நாடா முழுக்க வெள்ளையாகப் பூசணம். மற்றவற்றைத் திறந்தால் அவையும் அப்படியே, கையில் ஒட்டுகிற ஈரம்.

பாவி மனிதர், யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் துணியை விரித்து, வற்றல் பரப்புவது போல் அத்தனையையும் பரப்பிவிட்டுக் கீழே வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் கேசட்டுகள் கோணிக் கிடந்தன, உள்ளே நாடா நெளிந்து சுருண்டிருந்தது. சென்னையில் பழைய நாடாக்களைச் சரிசெய்பவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பூசணத்தைக்கூடப் போக்கியிருக்கலாமாம், இதற்கு வழியே இல்லையாம்.

விஷயம் தெரிந்து கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். வரும்போதே கெட்டுப்போய்த்தான் வந்தது என்று சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது, பூசணம் இருந்தது நிஜம்தானே என்றார். நெடுஞ்செழியனுக்கும் அது ஒரு பிடிமானமாக இருந்தது. பாபநாசம் வரை பஸ்ஸில் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

மாலதி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். நெடுஞ்செழியன் போனை நீட்டினார். பாட்டின் கடைசி வரி ஓடி ஓய்ந்தது. பிறகு துரைராசுவின் குரல்: "மாலதி, மழை வருது பாரு. கொடியில கெடக்குறதெல்லாம் எடுத்து உள்ள வையிம்மா."

அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மற்றவை மெதுவாக வரட்டும், அவசரமில்லை என்றார். நெடுஞ்செழியன் பையைக் கீழே வைத்தார். கோணிய கேசட் ஒன்று மேலே துருத்திக்கொண்டிருந்தது. மாலதி அதை எடுத்துப் பார்த்தார். உள்ளே நாடாவில் வெள்ளையாகப் பூசணம். முகம் வாடிப்போனது.

"எல்லாம் போச்சா தம்பி? என்னாலதான். பரண்ல தூக்கிப் போட்டுட்டு, ஒரு தடவகூட எடுத்துப் பாக்கல. அப்பா குரல நானே பூசணம் பூக்க விட்டுட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்த பொய்யை இப்போது அந்த அம்மாளே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நெடுஞ்செழியனுக்கு அது தாங்கவில்லை.

"இல்லக்கா. பூசணத்த எடுத்திருக்கலாம். நான்தான் மாடியில வெயில்ல காயப்போட்டேன். அதுல போனதுதான் எல்லாம்."

மாலதி கத்துவார், பையைத் தூக்கி எறிவார் என்று நெடுஞ்செழியன் காத்திருந்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார். மாலதி போனை வாங்கி இன்னொரு முறை போட்டார். மழை வருது, எடுத்து உள்ள வை என்று வாத்தியார் மறுபடி சொன்னார்.

"இத அப்பா ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும், தம்பி."

சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குத் திரும்பினார். நெடுஞ்செழியன் அந்தப் பதிவை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.